நீர்த்தேக்கத்தில் ஆழத்துக்கு ஆழம் வெப்பம் பார்த்தால் மீன் கிடைக்குமா?

நீங்கள் மூன்று கேள்விகளாகக் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வட அமெரிக்க ஏரிகளில் படகில் போகிறவர்கள் ஒவ்வொரு ஆழத்திலும் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து, ‘மீன் இந்த மட்டத்தில்தான் நிற்கும்’ என்று சொல்லிப் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். சிங்கப்பூரின் லோவர் சிலேத்தார், பிடோக் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடும் உங்களுக்கு அந்த வித்தை பலிக்குமா என்பது முதல் கேள்வி. பலிக்கும் என்றால் முந்நூறு வெள்ளிக் கருவியை வாங்குவதா, வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்வதா என்பது அடுத்தது. எப்போதாவது போகும் கெலோங்கிலும், அதாவது கடலில் கட்டிய மீன்பிடி மேடையிலும், அது உதவுமா என்பது கடைசி. அளக்கலாம். பெரிய செலவும் ஆகாது. ஆனால் வரும் எண்ணை அவர்கள் வாசிப்பது போல நாம் வாசிக்க முடியாது. அவர்களுடைய வெப்பமானி மீனுக்குப் பிடித்த இடத்தைத் தேடுகிறது. நம்முடையது மீன் தங்க முடியாத இடத்தைத்தான் காட்டும்.

நான் பல ஆண்டுகள் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தவன். படகில் போய், கயிற்றில் போத்தலை இறக்கி, ஒவ்வொரு மீட்டரிலும் வெப்பம், ஆக்சிஜன், கலங்கல் என்று குறித்துக்கொண்டு வருவதுதான் வேலை. விடுமுறை நாளில் தோமான் என்ற பெரிய விரால் வகையும் பீக்காக் பாஸும் தேடி அலைவேன். மீன் உயிரியல் படித்தவன் இல்லை. ஆகவே தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், மீனின் மனசைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள்.

முதலில் அந்தக் காணொளி ஏரிகள். அங்கே கோடையில் மேல் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும், ஆழத்தில் 4, 5 டிகிரிதான் இருக்கும். லேக் டிரௌட் என்ற மீனுக்குப் பிடித்தது சுமார் 10 டிகிரி. சால்மன் வகைகளுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். மேலே போனால் சூடு தாங்காது, ரொம்பக் கீழே போனால் இரை குறைவு. ஆகவே நடுவில் ஒரு மட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பதினைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும் இடத்தில் வெப்பமானி மீனின் முகவரியையே சொல்லிவிடும் என்பதில் ஆச்சரியமில்லை.

நம் ஊரில் பகலில் மேல்மட்டம் 30, 31 என்று இருந்தால், ஆழத்தில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும், அவ்வளவுதான். பீக்காக் பாஸ் அமேசான் பக்கத்து மீன். 1984இல் அதை ஃபுளோரிடாவின் மயாமி கால்வாய்களில் விட்டார்கள். தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர் நாட்களில் அங்கே அது செத்து மிதக்கும். அப்படிப்பட்ட மீனுக்கு நம் 28 டிகிரியும் ஒன்றுதான், 30 டிகிரியும் ஒன்றுதான். ‘29.5 டிகிரிதான் பாஸுக்கு உகந்தது, அந்த மட்டத்தில் போடு’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். மேலிருந்து கீழ்வரை அதற்கு எல்லாமே வசதியான சூடுதான்.

பிறகு எதற்கு அளப்பது? அந்த இரண்டு டிகிரி தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது என்பதால்தான். குளிக்க வாளியில் தண்ணீர் விளாவும்போது கையை விட்டுக் கலக்காமல் விட்டால் மேலே சுடும், அடியில் சில்லென்று இருக்கும், அதேதான். சூடான தண்ணீர் லேசு, குளிர்ந்தது கனம். குளிர்நாட்டு ஏரியில் இந்த எடை வித்தியாசம் உண்டாக நிறைய டிகிரி தேவை. நம் வெப்பத்தில் கொஞ்சமே போதும். 10 டிகிரிக்கும் 11 டிகிரிக்கும் இடையில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை சுமார் 0.1 கிலோ குறையும். 29க்கும் 30க்கும் இடையில் சுமார் 0.3 கிலோ குறையும், அதாவது மூன்று மடங்கு. எனவே அங்கே அலட்சியப்படுத்தக்கூடிய ஒரு டிகிரி, இங்கே காற்று கலக்க முடியாத அளவுக்கு மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் பிரித்துவைக்கும்.

பிரிந்த பிறகு கீழ்த் தண்ணீருக்குக் காற்றோடு தொடர்பு இல்லை. வெளிச்சமும் போகாததால் பாசியும் அங்கே ஆக்சிஜன் விடாது. ஆனால் மேலிருந்து விழும் இலை, செத்த பாசி, மீன் கழிவு எல்லாம் அடியில் அழுகிக்கொண்டே இருக்கும். அழுகலுக்கு ஆக்சிஜன் வேண்டும், சூடு கூடக் கூட அழுகலும் வேகம் எடுக்கும். தண்ணீரில் முதலில் இருந்த கையிருப்பும் குறைவு: 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரி தண்ணீரால் 7.5 மில்லிகிராம்தான் முடியும். வரவு இல்லை, செலவு அதிகம். ஆகவே வெப்பநிலை சட்டென்று விழும் அந்தக் கோட்டுக்குக் கீழே, கொஞ்ச நாளிலேயே மீன் மூச்சு விட முடியாத தண்ணீர் உண்டாகிவிடுகிறது. தெர்மோகிளைன் என்று காணொளியில் சொல்வது இந்தக் கோட்டைத்தான். உங்கள் ஜிக், அதாவது எடை வைத்த செயற்கை இரை, அந்தக் கோட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தால் அங்கே பார்க்க ஆளே இல்லை. நம் நீர்த்தேக்கத்தில் வெப்பம் அளப்பதில் இருக்கும் உண்மையான லாபம் இது ஒன்றுதான், ஆனால் சின்ன லாபம் இல்லை.

தோமான் மட்டும் விதிவிலக்கு மாதிரித் தெரியும். அது மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கும் மீன், தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாததால் உடனே சாகாது. ஆனாலும் அது தின்னும் சின்ன மீன்கள் கோட்டுக்கு மேலேதான் இருக்கும், தோமானுக்கும் கீழே வேலை இல்லை.

இங்கே ஒரு ‘ஆனால்’ வருகிறது. பொதுப் பயனீட்டுக் கழகம் பல நீர்த்தேக்கங்களில் அடியிலிருந்து காற்றைக் குமிழியாக விட்டுத் தண்ணீரைக் கலக்குகிறது. குடிக்கிற தண்ணீர் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்தால் மண்ணிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும், நாற்றமும் வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. குமிழி நன்றாக வேலை செய்யும் இடத்தில் கோடே இருக்காது. கிராஞ்சி மாதிரி முகத்துவாரத்தை அணை போட்டு மறித்த, ஆழம் குறைந்த இடங்களில் பலமான காற்று ஒன்று அடித்தாலே தண்ணீர் கலந்துவிடும். பிடோக் பழைய மணல் குழி. அங்கே ஆழம் உண்டு, கோடு உருவாக வாய்ப்பும் அதிகம். ஆகவே அளந்து பார்த்து ‘மேலிருந்து கீழ்வரை ஒரே எண்’ என்று வந்தால் ஏமாற வேண்டாம். அடித்தட்டிலும் மீன் இருக்கலாம் என்று அர்த்தம், ஆழத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அளக்கும் நேரம் கருவியைவிட முக்கியம். வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் மேல் ஒரு மீட்டர் மட்டும் தனியாகச் சூடேறி, பெரிய அடுக்கு ஒன்று இருப்பது போலக் காட்டும். இரவில் மேல் தண்ணீர் குளிர்ந்து இறங்கி அது கலைந்துவிடும். காலை ஏழு மணிக்கு அளக்கும்போதும் எந்த ஆழத்தில் சரிவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் நிலையான கோடு. அதன் கீழேதான் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். பிற்பகல் கணக்கை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால் தப்பு நடக்கும்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்து மேல் தண்ணீர் குளிர்ந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே வந்து, மீன்கள் கரையோரம் வாயைத் திறந்து திணறும், சில சமயம் செத்தும் மிதக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே எண் என்றால் நல்ல சகுனம் என்று இப்போதுதான் சொன்னேன். புதிதாகக் கலந்த அந்த ஓரிரு நாளுக்கு மட்டும் அது பொருந்தாது. அன்றைக்கு மீன் எதையும் தொடாது, தூண்டிலைச் சுருட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சரி, கருவி. பலர் ஏமாறும் இடம் சோனார், அதாவது ஒலி அலையை அனுப்பி அடியில் இருப்பதைக் காட்டும் கருவி. மீன் காட்டும் சோனாரில் வெப்பநிலை ஓர் ஓரத்தில் தெரியும். அது சோனாரின் தலை எங்கே இருக்கிறதோ அந்த இடத்து வெப்பம் மட்டுமே. தூண்டிலில் கட்டி எறியும் பந்து மாதிரி வகை மிதப்பதால், அது சொல்வதும் மேல்மட்டத்து வெப்பம்தான். ஒலி அலையால் ஆழத்தின் வெப்பத்தை அது படிப்பதில்லை. ஆனால் நல்ல சோனாரில் உணர்திறனைக் கூட்டினால், கோடு இருக்கும் ஆழத்தில் மங்கலாக ஒரு பட்டை தெரியும். எடை மாறும் இடத்தில் தேங்கி நிற்கும் மிதவை உயிர்களும் தூசும்தான் பெரும்பாலும் அப்படித் தெரிகின்றன. மீன் அடையாளங்கள் எல்லாம் அந்தப் பட்டைக்கு மேலேயே நின்றால் வெப்பமானி இல்லாமலே பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன முந்நூறு வெள்ளிக் கருவி இந்த வகை என்றால், அதை வெப்பம் அளக்க என்று வாங்காதீர்கள்.

வீட்டில் செய்வதற்கு நான் சொல்வது டிஎஸ்18பி20 என்ற சென்சார். துருப்பிடிக்காத இரும்புக் குழாயில் அடைத்து, நீளமான ஒயரோடு சில வெள்ளிக்கே கிடைக்கும். இஎஸ்பி32 மாதிரி ஒரு சின்ன மின்னணுப் பலகையோடு இணைக்கத் தெரிந்த பாலிடெக்னிக் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். இதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி என்றுதான் தயாரிப்பாளரே சொல்கிறார். நாம் தேடுவதே ஒன்றிரண்டு டிகிரி என்பதால் அரை டிகிரி உறுத்தும். ஆனால் நமக்குத் தேவை சரியான எண் இல்லை, ஆழத்துக்கு ஆழம் வித்தியாசம். ஒரே சென்சாரை எல்லா ஆழத்துக்கும் இறக்கினால் அதன் பிழை எல்லா எண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும், கழிக்கும்போது போய்விடும். பல சென்சார்களை ஒரே கயிற்றில் கட்டுவதாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டு, கலக்கி, எது எவ்வளவு கூடக்குறையச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் பார்ப்பதும் நல்ல பழக்கம்தான், ஆனால் பூஜ்யத்தில் இருக்கும் பிழை 30 டிகிரியிலும் அதே அளவு இருக்கும் என்று இல்லை. நீங்கள் அளக்கப்போகும் சூட்டிலேயே ஒப்பிடுவதுதான் மேல்.

இறக்கியதும் எண்ணைப் படிக்காதீர்கள். இரும்புக் குழாய் புதிய தண்ணீரின் சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். எண் நகராமல் நிற்கும் வரை காத்திருங்கள், ஒவ்வோர் ஆழத்திலும் ஒன்றிரண்டு நிமிடமாவது. அவசரப்பட்டால் கோடு உண்மையில் இருப்பதைவிடக் கீழே இருப்பதாகக் காட்டும். மேல் அரை மீட்டரில் வெயில் நேராகக் குழாயில் பட்டால் எண் கூடும், சென்சாருக்கு மேலே ஒரு வெள்ளை மூடி மாட்டுங்கள். கண்ணாடிப் பாதரச வெப்பமானி வேண்டவே வேண்டாம். உடைந்தால் விழுவது குடிதண்ணீரில்.

ஆழத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கயிறு நேராக இறங்கினால்தான் கயிற்றின் நீளமும் ஆழமும் ஒன்று. காற்றிலோ நீரோட்டத்திலோ செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் 10 மீட்டர் கயிறு 8.7 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும். 45 பாகை என்றால் வெறும் 7 மீட்டர். ஈயக்குண்டு கனமாக இருக்கட்டும். ஈயம் தொலைந்தால் தண்ணீரில் கிடக்குமே என்று நினைப்பவர்கள் பெரிய எஃகு நட்டு ஒன்றைக் கட்டலாம், நான் அப்படித்தான் செய்வேன். கயிற்றுக்குப் பதில், ஜிக் போடுகிறவர்கள் வாங்கும் பல வண்ணப் பின்னல் தூண்டில் நரம்பு நல்ல யோசனை. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும், நடுவே சின்னக் கோடுகளும் இருக்கும்.

ஒயரும் பலகையும் வேண்டாம் என்றால் ஒரு போத்தல் போதும். வாய் குறுகிய போத்தலில் எடை கட்டி, மூடிக்குப் பதில் ரப்பர் தக்கை செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நரம்பு கட்டுங்கள். வேண்டிய ஆழத்தில் நரம்பைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே போகும். குமிழி நின்றதும் மேலே இழுத்து உடனே டிஜிட்டல் வெப்பமானியை விடுங்கள். போத்தலை, முக்குளிப்பவர்கள் போடும் பழைய உடையின் தடித்த ரப்பர்த் துணியால் சுற்றினால் வழியில் சூடேறுவது குறையும். இந்த முறையில் வெப்பம் சற்று முன்பின் ஆகும், ஆனால் வேறொரு வரம் கிடைக்கிறது. அந்தத் தண்ணீரை மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை, அதற்குமேல் எந்தக் கருவியும் சொல்ல வேண்டியதில்லை. வாடை இல்லை என்பதற்காக ஆக்சிஜன் இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து ஆக்சிஜன் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பாருங்கள். லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் தங்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் படகில் இருப்பவனுக்குச் சரி, நான் கரையில் நிற்கிறேனே என்பீர்கள். நியாயம்தான். நம் நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடத்திலிருந்து, செயற்கை இரையை மட்டும் வைத்துத்தான் தூண்டில் போட முடியும். கரையோரத்தில் ஆழமும் இருக்காது. மீன்பிடி மேடை இருக்கும் இடத்தில் மேடை நுனியிலிருந்து நேராக இறக்குங்கள். இல்லாவிட்டால் கட்டைவிரல் அளவில் தானாகப் பதிவு செய்யும் வெப்பப் பதிவான்கள் கிடைக்கின்றன. அதில் ஒன்றை, நகரும் மிதவை மாட்டிய தூண்டிலில் இரை இருக்க வேண்டிய இடத்தில் கட்டி எறியுங்கள். மிதவையின் முடிச்சை 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் விட்டுச் சுருட்டுங்கள். வீட்டுக்குப் போய்க் கணினியில் பார்த்தால் படிக்கட்டு மாதிரி வரும். நல்ல கோல் வேண்டாம், பழைய கோல் ஒன்று போதும். அளந்து முடித்ததும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் தொங்கவிட்டு வரலாமா என்று கேட்டால், அனுமதி இல்லாமல் கூடாது.

மழைக்குப் பிறகு கால்வாய் வந்து சேரும் வாயில் மீன் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் நீர்த்தேக்கத்து மேல் தண்ணீரைவிடக் குளிர்ச்சி என்பதால் கனம், உள்ளே வந்ததும் அடியில் பாய்ந்து போகும். கூடவே ஆக்சிஜனையும் இரையையும் கொண்டுபோகும். இது தண்ணீரின் நடத்தை, இதில் சந்தேகமில்லை. மீன் குளிர்ச்சிக்காக வருகிறதா, இரைக்காக வருகிறதா என்றால், இரைக்காக என்பது என் ஊகம். அதேபோல, காலையில் அரை டிகிரி இறங்கினால் பாஸ் சுறுசுறுப்பாகிவிடும் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் என்னைவிட அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் காலையில் வெளிச்சம், காற்று, ஆள் நடமாட்டம் எல்லாமே சேர்ந்து மாறியிருக்கும். பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், வெப்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேச முடியாது.

கடைசியாகக் கெலோங். கடல் பக்கம் என் அனுபவம் குறைவு, தண்ணீர் கணக்கை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் பலமாகப் புரட்டிப் போடுவதால் மேலேயும் கீழேயும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே வெப்பமானி வீண், ஏற்ற வற்ற நேரப் பட்டியலைப் பார்ப்பதே மேல். பாசிர் ரிஸ், உபின் பக்கம் ஜோகூர் நீரிணை வேறு மாதிரி. நீரோட்டம் மந்தம், ஆறுகள் வந்து விழுகின்றன. மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் மேலே தனி அடுக்காக மிதக்கும். இந்த அடுக்கை வெப்பமானியால் கண்டுபிடிக்க முடியாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடுவது, சூடு இரண்டரை டிகிரி குறைவது போன்ற எடையைக் கொடுக்கும், உப்பு ஏறியிருந்தால் அடியில் இருப்பது மேலே இருப்பதைவிடச் சூடாகக்கூட இருக்கலாம். உப்பு அளக்கும் கையடக்கக் கண்ணாடிக் கருவி ஒன்றும் அதே போத்தலும் போதும். அந்த நீரிணையிலும் ஆக்சிஜன்தான் பெரிய விஷயம். 2014, 2015 ஆண்டுகளின் தொடக்க மாதங்களில் பாசி பெருகி வளர்ப்புப் பண்ணைகளில் மீன்கள் மொத்தமாகச் செத்தது நினைவிருக்கும். கூண்டுக்குள் இருந்த மீன் தப்பிக்க வழியில்லாமல் போனது, வெளியில் இருக்கும் மீன் முடிந்தவரை அடுக்கு மாறிப் போகப் பார்க்கும். கொடுவா உப்பு மாறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, மழை விட்டதும் மேல் அடுக்கிலேயே தேடலாம். களவாவுக்கு என்றால் இரையை உப்புத் தண்ணீர் தொடங்கும் ஆழத்துக்குக் கீழே இறக்குங்கள்.